கயிற்றோடு கொடுத்த சர்வர்கள்: வண்ணார்பேட்டையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய இரும்புக்கடை அண்ணாச்சி தராசைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தபோதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ராப்பகலாக ஓடிய மூன்று சர்வர்கள், அதாவது அலுவலகத் தரவு முழுக்கத் தாங்கிய பெரிய கணினிகள், வராந்தாவில் கிடந்தன. அண்ணாச்சி ஒன்றைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ள அலுமினியம் இருக்கும், செம்பு கொஞ்சம் இருக்கும், மத்ததெல்லாம் தகரம்" என்றார். அவர் தொழில் கணக்கில் அது சரிதான். உள்ளே இருந்த மெமரிக்கும் பிராசசருக்கும் அந்தத் தராசில் எடை கிடையாது. மேலாளரிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன். இடம் காலியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

அந்த ஒரு மாதத்திலும் அதற்குப் பிறகும் நடந்ததை, பலித்ததும் பலிக்காததும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். அலுவலகத்தில் சர்வர்களைக் கழற்றும் நிலையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் நெட்வொர்க் கட்டிப் பழக ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் இது பயன்பட வேண்டும்.

என்ன இருந்தது, ஏன் வெளியே வந்தது

நான் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் கணினி, நெட்வொர்க் வேலைகளைப் பார்க்கிறவன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தாமிரபரணி பெருகி, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்தையே சூழ்ந்தது. வண்ணார்பேட்டையும் ஜங்ஷனும் தண்ணீரில் நின்றன. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். சர்வர்கள் முதல் மாடியில் இருந்ததால் பிழைத்தன. கீழே இருந்த யுபிஎஸ் போய்விட்டது. இனி சொந்தமாக சர்வர் அறை வேண்டாம், வாடகை டேட்டா சென்டருக்குப் போய்விடலாம் என்று அப்போதே முடிவானது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்க அடுத்த வருடக் கடைசி ஆகிவிட்டது.

மிஞ்சியவை: டெல் பவர்எட்ஜ் ஆர்720 இரண்டு, எச்பி புரோலையன்ட் டிஎல்360பி ஜென்8 ஒன்று, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச் மூன்று. ஆர்720 வந்தது 2012-இல். சர்வர்களுக்கென்றே இன்டெல் செய்யும் சீயான் பிராசசர் இரண்டு, டிடிஆர்3 வகை மெமரிக்கு 24 இடம், முன்பக்கம் மூன்றரை அங்குல டிஸ்க் எட்டுக்கு இடம். ஒன்றில் 64 ஜிபி, இன்னொன்றில் 96 ஜிபி மெமரி போட்டிருந்தோம்.

யுபிஎஸ்ஸைக் காயவைத்து யாருக்காவது கொடுக்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். வெள்ளத் தண்ணீர் உள்ளே போன மின்சாதனம் இன்றைக்கு ஓடினாலும் உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அது இன்னொருவர் வீட்டில் புகைவதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது. பேட்டரிகள் பேட்டரிக் கடைக்கும், மிச்சம் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளருக்கும் போயின. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளும், பழுதான பொருள் பதிவு பெற்ற கைகளுக்குத்தான் போக வேண்டும் என்கின்றன. ஓடுகிற பொருளை இன்னொருவர் பயன்படுத்தக் கொடுப்பது வேறு விஷயம். அதற்கும் அலுவலகக் கணக்கில் சொத்துப் பட்டியலிலிருந்து நீக்கி, வரிசை எண்ணோடு கடிதம் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கினோம்.

துடைப்பது

இதில்தான் பாதி நாள் போனது. போகவும் வேண்டும். நகைக்கடன் நிறுவனத்தின் சர்வரில் என்ன இருக்கும்? ஆதார் நகல், முகப்படம், எந்த வீட்டு நகை எவ்வளவுக்கு அடகில் இருக்கிறது என்ற கணக்கு. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் அடகு வைக்க வருபவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அவர்கள் மானம் எங்கள் பொறுப்பு.

அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் 800-88 வழிகாட்டி இதை மூன்று படியாகப் பிரிக்கிறது. டிஸ்க் மீது மேலெழுதித் துடைப்பது, ஆய்வுக்கூடத்திலும் மீட்க முடியாதபடி களைவது, உடைத்து நொறுக்குவது. 35 தடவை எழுத வேண்டும் என்ற பழைய பேச்சு இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பொருந்தாது. முழுவதும் ஒருமுறை எழுதி, சரியாக எழுதப்பட்டதா என்று திரும்பப் படித்துப் பார்த்தால் போதும்.

முதல் ஆர்720-இல் இருந்தது வாடிக்கையாளர் தரவு. அதன் ஆறு டிஸ்க்கும் வெளியே போகாது என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். துடைத்தாலே போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்த இடத்தில் அவர் பயம் நியாயமானது என்பதால் வாதாடவில்லை. பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அவர் கண் முன்னாலேயே ஆறிலும் துளை போட்டோம். இரண்டாவது ஆர்720 சிசிடிவி பதிவுக்கும் சோதனைக்கும் இருந்தது. அதன் ஆறு 2 டிபி டிஸ்க்குகளை மட்டும் துடைத்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல். ஆர்720-இல் வரும் பெர்க் எச்710 ரெய்டு கார்டு, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது; டிஸ்க்குகளைத் தனித்தனியாக வெளியே காட்டாது. அதைக் கழற்றிவிட்டு, டிஸ்க்குகளை அப்படியே காட்டும் ஐடி மோடுக்கு மாற்றிய எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டைப் போட்டேன். பிறகு பென்டிரைவிலிருந்து, டிஸ்க்கைத் துடைக்கும் என்வைப் மென்பொருளை ஓட்டினேன். 2 டிபி ஒருமுறை எழுத நாலைந்து மணி நேரம், படித்துச் சரிபார்க்க அதே நேரம். ஆறும் ஒரே சமயத்தில் ஓடியதால் ஒரு ராத்திரியில் முடிந்தது.

அடுத்து ஐடிராக். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் சின்னக் கணினி அது. டிஸ்க்கோடு அதற்குச் சம்பந்தமில்லை. பழைய மின்னஞ்சல் முகவரி, ஐபி முகவரிகள், பயனர் பெயர்கள் எல்லாம் அதற்குள் அப்படியே இருந்தன. முன்பக்கச் சின்னத் திரையில் நிறுவனத்தின் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தேன். சுவிட்ச்சில் 'ரைட் இரேஸ்' கட்டளை கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. விலான்களின், அதாவது ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகளின், பெயர்கள் ஃபிளாஷ் மெமரியில் 'விலான்.டாட்' என்ற தனிக் கோப்பில் நிற்கும், அதையும் அழிக்க வேண்டும். சிஸ்கோ 'டைப் 7' முறையில் மறைத்து வைக்கும் கடவுச்சொல்லை யாரும் நொடியில் திருப்பி எடுத்துவிடலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றைக் கோட்டை விட்டேன். முதல் சர்வரை வாங்கிப்போன பாளையங்கோட்டைத் தம்பி அன்றைக்குச் சாயங்காலமே போன் பண்ணினான்.

"அண்ணே, டிஸ்க்கே போடல. ஆனா ஏதோ பூட் ஆகுது. மஞ்சளும் சாம்பலுமா ஒரு ஸ்கிரீன். உங்க ஆபீஸ் பேரு தெரியுது."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐயை நான் டிஸ்க்கில் போட்டிருக்கவில்லை. மதர்போர்டோடு இணைந்த எஸ்டி கார்டு மாட்யூலில்தான் பத்து வருடத்துக்கு முன்னால் நிறுவியிருந்தேன், மறந்தே போனேன். வாடிக்கையாளர் தரவு அதில் இருக்காது. ஆனால் முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லை உருமாற்றி வைத்த ஹாஷும் உள் நெட்வொர்க்கின் அமைப்பும் இருக்கும். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய், ஒன்றன் நகலாக இன்னொன்று இருந்த இரண்டு எஸ்டி கார்டுகளையும் உருவிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளை நல்லவன், சொல்லிவிட்டான். சொல்லாதவன் கையில் கிடைத்திருந்தால்? மறுநாளே மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, அந்தக் கடவுச்சொல்லின் சாயலில் எங்கெல்லாம் வேறு கடவுச்சொல் இருந்ததோ அத்தனையும் மாற்றினோம். இப்போது என் பட்டியலில் முதல் வரி, மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது. எஸ்டி மாட்யூல், உள்ளே இருக்கும் யுஎஸ்பி துளை, ஐடிராக்கின் விஃபிளாஷ் கார்டு, டிவிடி தட்டு எல்லாம் பார்த்த பிறகுதான் மற்றது.

கயிறு

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் சின்ன வயதில் தாத்தாவோடு போயிருக்கிறேன். மாட்டை விற்பவர் கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொள்வார். வாங்குபவர் கொண்டுவந்த கயிற்றில்தான் மாடு போகும். சர்வரில் அந்த வழக்கம் ஆகாது. கயிறு இல்லாத சர்வர் வீட்டில் ஒரு தகரப் பெட்டிதான்.

கயிறு என்று நான் சொல்வது, டிஸ்க்கை மாட்டும் டிரேக்கள், சர்வர்களை அடுக்கும் ரேக் என்ற இரும்புச் சட்டத்தின் ரெயில், முன்பக்க மூடியான பெசலின் சாவி, காலி இடங்களை அடைக்கும் மூடிகள், சுவிட்ச்சைக் கணினியிலிருந்து அமைக்க உதவும் கன்சோல் கேபிள். அலுவலகங்கள் டிஸ்க்கை நொறுக்கும்போது டிரேயோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகின்றன. ஆறு டிரேயைத் தேடி வாங்க அலைந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். நாங்கள் துளை போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் நாலு திருகைக் கழற்றி டிரேயை எடுத்து வைத்தோம். காலி மூடியைச் சிலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் காற்று குறுக்கே ஓடி, பிராசசர் சூடாகும்.

பவர் கார்டு இன்னொன்று. ரேக்கில் இருக்கும் கார்டின் மறுமுனை, ரேக்கின் மின்பலகையில்தான் சேரும். வீட்டுச் சுவர் பிளக்கில் போகாது. பழைய மானிட்டருக்கு வந்த மூன்று பின் கார்டுகளில் இரண்டிரண்டு எடுத்துக் கொடுத்தேன். திரைக்கு விஜிஏ மட்டும்தான் உண்டு என்பதால் விஜிஏ கேபிளும் கூட.

இவற்றோடு ஒரு முழுத்தாள் தமிழில் எழுதி ஒட்டினேன். என்ன இருக்கிறது, எது பழுது, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று. இரண்டாவது சர்வரின் டிஸ்க்குகள் 60,000 மணி நேரத்தைத் தாண்டியவை. அதை மறைத்துக் கொடுத்தால் கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

யாருக்குப் போனது

கேட்டவர்கள் நிறையப் பேர். பணம் வேண்டாம், நேரில் வந்து ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றேன். படத்தில் பார்த்தால் சர்வர் அழகாக இருக்கும். பட்டனை அழுத்தியதும் காற்றாடிகள் எல்லாம் முழு வேகத்தில் எழும்பும்போது பாதிப்பேர் ஒரு அடி பின்னால் போனார்கள். அரை நிமிடத்தில் அது அடங்கும், ஆனால் முழுக்க ஓயாது.

எச்பி டிஎல்360பி ரேக் அளவில் ஒரு யூனிட், அதாவது நாலரை சென்டிமீட்டர் அளவு உயரம்தான். அதற்குள் அடங்கும் காற்றாடிகள் விரல் நீளம்கூட இல்லை. அத்தனை சின்னக் காற்றாடி காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வெறிபிடித்துச் சுற்ற வேண்டும். தச்சநல்லூரிலிருந்து வந்த ஒரு பையன் விளையாட்டு சர்வர் நடத்த அதைத்தான் கேட்டான். எங்கே வைப்பாய் என்று கேட்டேன். படுக்கிற அறையில் என்றான். கொடுக்கவில்லை. அலுவலகங்கள் கழிக்கும் சின்ன டெஸ்க்டாப் ஒன்றை 16 ஜிபி மெமரியோடு வாங்கு, உன் வேலைக்கு அது தாராளம் என்று சொல்லி அனுப்பினேன். முகம் வாடிப் போனான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். எச்பி தன் புரோலையன்ட் சர்வர்களின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பை 2014 முதல் உத்தரவாதமோ ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டதும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தடை. கடைசியில் அதை உறுப்புகளாகப் பிரித்தேன். மெமரி, ஆர்720-இல் அப்படியே சேர்ந்தது. இவை சர்வர்களுக்கான ரிஜிஸ்டர்டு வகை மெமரி, சாதாரண டெஸ்க்டாப்பில் போடாதீர்கள், ஓடாது.

முதல் ஆர்720-ஐ வாங்கிய பாளையங்கோட்டைத் தம்பி பொறியியல் கடைசி வருடம். பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டுப் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பழக வேண்டும் என்றான். நல்ல பொருத்தம். ஆனால் அவன் வீட்டைப் பற்றி நான் இன்னும் கேட்டிருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே அவன் அப்பா எழுந்து வந்து, "ஏல, வீட்டுக்குள்ள மாவு மில்லா ஓடுது?" என்று கேட்டிருக்கிறார். மாடி அறைக்கு மாற்றினான். அங்கே சர்வரின் மேல் கை வைத்தால் சுர்ரென்று இருந்தது. பழைய வீடு, அந்த அறைக்கு எர்த் இல்லை. இந்தப் பவர் சப்ளைகளின் மின்வடிகட்டி, எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பிலேயே மின்னழுத்தத்தை நிறுத்தி வைக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துக் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்த பிறகுதான் தொடச் சொன்னேன். இது நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது எர்த் இல்லாத வீட்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை.

பிறகு மே மாதம் வந்தது. ஆர்720-க்கு டெல் சொல்லும் சாதாரண வெப்ப எல்லை 10 முதல் 35 டிகிரி வரை. பாளையங்கோட்டையில் கத்திரி வெயிலில் கான்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கும் மாடி அறையில் 35 எந்த மூலைக்கு? தம்பி, சர்வரின் வன்பொருளைக் கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ கட்டளை கொடுத்துக் காற்றாடி வேகத்தைக் கையால் குறைத்து வைத்திருந்தான். குளிர்காலத்தில் அது சரி. வெயில் ஏறியதும் சர்வர் தானாக வேகம் கூட்ட முடியாமல் ஒரு மத்தியானம் சூடேறி அணைந்துவிட்டது. நல்லவேளை, எதுவும் கெடவில்லை.

கரண்ட் கணக்கையும் அப்போதுதான் உட்கார்ந்து போட்டோம். பிளக் மீட்டரில் பார்த்தால் சும்மா இருக்கும்போதே சுமார் 125 வாட். ஒரு நாளைக்கு 3 யூனிட், ஈபி கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். அப்போதைய கட்டணத்தில் நம் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்களுக்கே விலை ஏறிவிட்டது. 380 யூனிட் ஓடும் வீட்டில் இது சேர்ந்தால் 560. அதாவது சர்வரின் செலவு அந்த 180 யூனிட்டோடு நிற்பதில்லை.

ஒரு பிராசசரையும் ஒரு பவர் சப்ளையையும் கழற்றிப் பார்த்தோம். 90 வாட்டுக்கு இறங்கியது. பாதி மெமரி இடங்களும் சில கார்டு இடங்களும் அதோடு போயின. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது சனி, ஞாயிறு மட்டும் ஐடிராக் வழியாக ஆன் செய்கிறான். நாள் முழுக்க ஓட வேண்டிய வேலைகளை ஒரு சின்னக் கணினிக்கு மாற்றிவிட்டான். பழைய பிராசசர் என்பதால் எல்லா இயங்குதளமும் ஓடாது என்பதையும் அவனே கண்டுபிடித்தான். ரெட்ஹேட் லினக்ஸின் 10-ஆம் பதிப்பு இந்தத் தலைமுறை சீயானில் ஏறாது. டெபியன் லினக்ஸ் ஓடுகிறது.

இரண்டாவது ஆர்720 அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரருக்குப் போனது. வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோ. பதினைந்து வருடக் கல்யாண வீடியோக்களும் கோயில் கொடைப் படங்களும் முப்பது, நாற்பது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சிதறிக் கிடந்தன. வீட்டு நெட்வொர்க்கை அவரே இழுத்தவர். எதையும் பிரித்து மேய்வதில் தனி ஆசை உள்ளவர். ஐடி மோடு கார்டை அப்படியே விட்டு, கோப்புகளைச் சேமித்துப் பகிரும் ட்ரூநாஸ் இயங்குதளத்தைப் போட்டு, ஆறு டிஸ்க்கில் எந்த இரண்டு செத்தாலும் தாங்கும்படி அமைத்தோம். கையில் 7 டிபி சொச்சம் நின்றது. இத்தனை வயதான டிஸ்க்குகளில் ஒரு டிஸ்க் பாதுகாப்பு மட்டும் வைப்பது தப்பு. நாலு மாதத்தில் ஒன்று போனது, புதிது போட்டார், தரவு பத்திரம். ரெய்டு இருப்பதால் வேறு நகல் வேண்டாம் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று முக்கியமான வேலைகளுக்குத் தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து அவர் தம்பி வீட்டில் வைக்கச் சொன்னேன்.

அவரிடம் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் சர்வர் அணைந்துவிடும். இந்த வகைப் பவர் சப்ளைக்கு நல்ல சைன் அலை வேண்டும். சின்ன சைன் அலை யுபிஎஸ் வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. சத்தத்துக்கு அவர் வழி கண்டது எனக்குப் பிடித்தது. பழைய டார்க் ரூம் சும்மா கிடந்தது, கனத்த கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்குள் வைத்துவிட்டார். சுவரில் மாட்டும் ரேக்கில் வைக்க முதலில் நினைத்தார். முக்கால் மீட்டர் நீளமும் முப்பது கிலோவை நெருங்கும் எடையும் உள்ள பெட்டியை அந்த ரேக் தாங்காது.

சுவிட்ச்கள்

சர்வர்களுக்குத்தான் அத்தனை போட்டி. சுவிட்ச்சைக் கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள். மேலப்பாளையத்திலிருந்து வந்த தங்கச்சி, வீட்டிலிருந்தே சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படித்தாள். மூன்று 2960-இல் இரண்டு நொடிக்கு 100 மெகாபிட் வேகம்தான். இன்றைக்குக் கோப்பு நகர்த்த யாரும் அதை விரும்ப மாட்டார்கள். படிக்கிறவளுக்கு வேகம் எதற்கு? விலான், பல விலான்களை ஒரே கேபிளில் அனுப்பும் டிரங்க், கேபிள்கள் வட்டமாகச் சேர்ந்தால் ஒரு பாதையை அடைத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீ எல்லாம் அதே கட்டளைதான். மூன்றையும் முக்கோணமாக இணைத்து, ஒரு கேபிளைப் பிடுங்கினால் பாதை எப்படி மாறுகிறது என்று விளக்கின் நிறம் மாறுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டதாகச் சொன்னாள். மென்பொருளில் பத்து தடவை செய்தும் புரியாதது அது என்றாள்.

அவளே ஒருமுறை கடவுச்சொல் வைத்து மறந்துவிட்டு, முன்பக்க மோட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளக்கைச் சொருகி மீட்கும் வழியையும் கற்றுக்கொண்டாள். நான் பத்து வருடம் பார்த்த பெட்டி, அவள் கேட்ட கேள்வி சிலவற்றுக்கு நான் புத்தகம் பார்க்க வேண்டியிருந்தது. செலவு செய்த நேரத்துக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் இந்த மூன்று சுவிட்ச்சுக்குத்தான் முதல் இடம். மூன்றும் சேர்ந்து எடை பத்துப் பதினைந்து கிலோகூட வராது. மூலையில் கிடந்ததால் அண்ணாச்சி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேர்வு முடிந்த வாரம் அலுவலகத்துக்கு வந்து இரண்டு சுவிட்ச்சைத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணே, எனக்கு ஒண்ணு போதும். வேற யாரும் கேட்டா குடுங்க" என்றாள். பெட்டிகளின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த போர்ட் வேலை செய்யவில்லை, மோட் பட்டனை எத்தனை நொடி பிடிக்க வேண்டும் என்று அவள் கையெழுத்தில். கன்சோல் கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றோடு கட்டியிருந்தாள். நாங்குநேரியிலிருந்து ஒரு பையன் கேட்டிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறான், அவன் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.